கண்ணில் வைத்த சந்தனம்

உள் அறையில் தம்ளர் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தம்ளர். சிமெண்டுத் தரையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சுவரில் முட்டி நின்றது. முன்னறையில் உட்கார்ந்திருந்த மூன்று பேருக்கும் பேச்சு அப்படியே நின்றுபோனது.

ஜெயக்கொடி எழுந்திருக்கப் போனாள். அவள் புருஷன் முத்திருளன் கண்ணாலேயே வேண்டாம் என்றான். உள்ளே இருப்பவன் அவள் கூடப்பிறந்த தம்பி சின்னக்கருப்பன். வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. தண்ணீர் எடுத்துக் கொடுக்கவோ சட்டைப் பொத்தான் மாட்டிவிடவோ யாராவது பக்கத்தில் போனால் போதும், முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விடுவான். அதனால் அந்த வீட்டில் எது விழுந்தாலும் யாரும் ஓடுவதில்லை. விழுந்த சத்தம் அடங்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பெற்ற பிள்ளையைப் போல இடுப்பில் சுமந்து வளர்த்த அக்காவுக்கு அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

எதிரில் மர நாற்காலியில் காளை உட்கார்ந்திருந்தார். மில்லில் பிட்டர் போர்மேன். சின்னக்கருப்பனுக்கு நிச்சயம் செய்திருக்கும் செல்லக்கிளியின் தகப்பன். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, காலடியில் ஒரு மஞ்சள் பை. பையின் வாயில் வெற்றிலைக் காம்புகள் எட்டிப் பார்த்தன.

அந்த வெற்றிலையைத்தான் ஜெயக்கொடி பார்த்துக்கொண்டே இருந்தாள். மாற்றிய தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். நாள் குறிக்க வருகிறவர்களும் வெற்றிலையோடுதான் வருவார்கள். இவர் எதற்கு வந்திருக்கிறார்? மார்கழி முடியப் போகிறது. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேச்சு. கைபோனதற்கு அப்புறம் பெண் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. காளை வந்திருப்பது இதுதான் முதல் தடவை. வந்தவர் மழையைப் பற்றிப் பேசினார், நாகமலைக்கு இந்தப் பக்கம் பஸ் குறைந்துபோனதைப் பற்றிப் பேசினார். வந்த காரியத்தைப் பேசவில்லை.

முத்திருளன் அந்தக் கல்யாணத்தை மலைபோல நம்பியிருந்தான். மச்சினனின் கையை அவனால் திருப்பித் தர முடியாது. ஆனால் அந்தப் பெண்ணாவது வந்துவிட்டால், ஒரு குடும்பம் என்று ஆகிவிட்டால், தானும் நிமிர்ந்து நடக்கலாம் என்று ஒரு நப்பாசை. அவன் இரவில் கண்ணை மூடினாலும் பகலில் திறந்தாலும் மில்லில் பஞ்சை அமுக்கும் அந்த பேல் பிரஸ் மிஷின்தான் எதிரில் வந்து நின்றது. அதை ஓட வைத்தவன் அவன். அதற்கென்றே பிறந்து, அதற்கென்றே படித்து வந்தவன்போல ஓட வைத்தவன்.

எழுமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் அவன் பிறந்த இடம். அப்பன் விருமாண்டிக்குக் கரிசலும் செம்மண்ணும் கலந்த கொஞ்சம் காடு, ஒரு கிணறு. ஊருக்குக் கரண்டு வந்த புதிதில் கடனை உடனை வாங்கி ஒரு மோட்டார் மாட்டினார். மிளகாய் பூத்து நின்ற சமயம், மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. உசிலம்பட்டியிலிருந்து வந்த மெக்கானிக் பம்பைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பம்பு சுத்தமாக இருக்கிறது, கோளாறு கரண்டில் என்றார். வயர்மேன் வந்தார். கம்பியில் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, கரண்டு சரியாக இருக்கிறது, பம்பைப் பாருங்கள் என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் வேலையை ஒருவர் குறை சொல்லிவிட்டு இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தது என்பதை மூன்றாவதாக ஒருத்தன் வந்து கண்டுபிடிப்பதற்குள் மிளகாய்ச் செடி கருகிப்போனது. கருகிய வரப்பில் அப்பன் உட்கார்ந்திருந்த கோலத்தை முத்திருளன் கடைசிவரை மறக்கவில்லை.

அதற்கு அப்புறம் அவனுக்கு ஒரு வெறி. மதுரையில் தங்கி டிப்ளமா படித்தான். தேனி ரோட்டில் நாகமலையைத் தாண்டி இருந்த நூல் மில்லில் வேலை கிடைத்தது. முதலில் எலக்ட்ரிக்கல் பகுதியில் போட்டார்கள். பையன் சூட்டிகை என்று பம்பாய்க்கு அனுப்பி, தானாக ஓடும் மிஷின்களுக்கு மூளை மாதிரி இருக்கும் கண்ட்ரோல் பேனல் வேலையைப் படிக்க வைத்தார்கள். திரும்பி வந்தவனுக்கு ஒரு சின்ன அறையும், ஒரு சால்டரிங் அயனும், 'கண்ட்ரோல்' என்று ஒரு போர்டும் கொடுத்தார்கள். மில் முழுக்க அவனை ஒரு தினுசாகப் பார்த்தது.

பிட்டர்கள் ஒரு கூட்டம். அவர்களுக்குக் கண்ணால் பார்க்கிறது, சுத்தியலால் தட்டிக் கேட்கிறது மட்டும்தான் மெய். எலக்ட்ரீசியன்கள் இன்னொரு கூட்டம். கண்ணுக்குத் தெரியாததோடு குடும்பம் நடத்துகிறோம் என்ற மிதப்பு அவர்களுக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் ரிலேயும் சுவிட்சும் வைத்துக்கொண்டு முத்திருளன். எலக்ட்ரீசியன்களில் மூத்தவர் மொக்கைச்சாமி, "பொட்டிக்குள்ள அப்பிடி என்னப்பா குடித்தனம் நடத்துற, கதவை வேற சாத்திக்கிற" என்று போகும்போதும் வரும்போதும் வம்புக்கு இழுப்பார். சாப்பாட்டு நேரத்தில்கூட மூன்று பகுதியும் மூன்று மரத்தடியில் உட்காரும்.

எண்பத்திரண்டாம் வருஷம் அந்த பேல் பிரஸ் வந்து இறங்கியது. கழிவுப் பஞ்சை அமுக்கிக் கட்டாகக் கட்டும் மிஷின். அதுவரை ஆள் நின்று லீவரைப் பிடித்து இயக்கிய வேலையை இது தானே செய்யும் என்றார்கள். இரும்பு உடம்பு ஒரு கம்பெனி, மோட்டாரும் ஸ்டார்ட்டரும் ஒரு கம்பெனி, பேனல் இன்னொரு கம்பெனி. மூன்று கம்பெனிக் காகிதமும் மூன்று பாஷை பேசின. பெட்டிக்குள் பஞ்சைப் போட வேண்டும், கதவு சாத்த வேண்டும், மேலே இருந்து அமுக்குப் பலகை இறங்க வேண்டும், ஏற வேண்டும், அப்புறம் கதவு திறக்க வேண்டும். பஞ்சு போடுகிற வாயில் குறுக்காக ஒரு வெளிச்சக் கோடு ஓடும். எவனுடைய கையாவது அந்த வெளிச்சத்தை மறித்தால் பலகை அந்த இடத்திலேயே நின்றுவிடும். அந்த வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சின்னக் கண்ணாடி வில்லைக்குப் பெயர் போட்டோ செல். மில்லில் எல்லோரும் அதைக் 'கண்ணு' என்றார்கள்.

மாட்டி முடித்த அன்று மிஷின் பேயாட்டம் ஆடியது. பலகை ஏறுவதற்கு முன்னாலேயே கதவு திறந்துகொண்டு முட்டியது. பிட்டர்கள் ஒயரிங் தப்பு என்றார்கள். எலக்ட்ரீசியன்கள் கதவு தப்பு என்றார்கள். முத்திருளனுக்கு அப்பனின் மிளகாய்க் காடு கண்முன்னால் வந்தது. சாக்பீஸை எடுத்துத் தரையில் ஒரு பெட்டி வரைந்தான். காளையைக் கூப்பிட்டு, அண்ணே நீங்கதான் கதவு என்றான். மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, நீங்கதான் மோட்டார் என்றான். உயரமான ஒரு பிட்டரைப் பிடித்து அமுக்குப் பலகையாக நிற்க வைத்தான். பஞ்சு போடுகிற வேலைக்கு அவனே சேர்த்துவிட்ட மச்சினன் சின்னக்கருப்பனைக் கண்ணாக ஓரத்தில் நிறுத்தினான். அவன் உள்ளங்கையால் கண்ணை மூடினால் எல்லோரும் அசையாமல் நின்றுவிட வேண்டும்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னையக் கதவாக்கிப்புட்டியேப்பா" என்று காளை தலையில் அடித்துக்கொண்டார். மொக்கைச்சாமி வாயாலேயே மோட்டார் சத்தம் போட்டார். மில்லே கூடி நின்று சிரித்தது. பலகையாக நின்றவன் நிமிர்வதற்குள் காளை கையை விரிக்க, இரண்டு தலையும் டங்கென்று மோதிக்கொண்டன. அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது, பலகை ஏறிவிட்டது என்று கதவுக்குச் சேதி சொல்லும் சுவிட்ச் இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது என்று. துளை போட்டவர் பேரிலும் தப்பில்லை, ஒயர் இழுத்தவர் பேரிலும் தப்பில்லை. ஒருவர் செய்ததை ஒருவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆட்டத்தின் நடுவே சின்னக்கருப்பன் குறும்பாகத் திடீர் திடீரென்று கண்ணைப் பொத்துவான். போர்மேன் முதல் எல்லோரும் சிலையாக நிற்பார்கள். "இம்புட்டுப் பெரிய மிஷினு, இந்தப் பய கண்ணை மூடுனா நின்னுருமா" என்று காளை கேட்டார். கேட்டபோதே அந்தப் பையனை அவருக்குப் பிடித்துப்போனது. வெள்ளை மனசு, சிரித்த முகம், உழைக்கிற உடம்பு. வீட்டில் கல்யாண வயசில் செல்லக்கிளி இருந்தாள். அன்று சாயங்காலமே முத்திருளனைத் தனியே கூப்பிட்டுப் பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

அந்த நாளிலிருந்து மூன்று மரத்தடியும் ஒரு மரத்தடி ஆனது. ஒரு பகுதியில் யார் எதைத் தொட்டாலும் மற்ற இரண்டு பகுதிக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வழக்கம் வந்தது. காலையில் பிரஸ்ஸை ஓட்டும் முன்னால் முத்திருளன் ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வெளிச்சத்துக்குக் குறுக்கே நீட்டுவான். பலகை நின்றால்தான் ஆளை உள்ளே விடுவான். இப்படி ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. விதி இப்படியா சந்தனக் கிண்ணத்தோடு வரும்?

மறு வருஷம் ஆயுத பூஜை. மில்லைக் கழுவித் துடைத்து, ஒவ்வொரு மிஷினுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நல்ல நேரத்துக்குள் எல்லா மிஷினையும் கொஞ்சம் ஓட்டிக் காட்டுவது வழக்கம். அந்த நேரத்தில் ஓடாத மிஷின் வருஷம் முழுக்கப் படுத்தும் என்பார்கள். முத்திருளன் அன்று மில்லில் இல்லை. மறுநாள் விஜயதசமியில் சின்னக்கருப்பனுக்கு நிச்சயம். அப்பனையும் அம்மாவையும் கூட்டிவர எழுமலைக்குப் போயிருந்தான்.

பிரஸ்ஸுக்குப் பொட்டு வைத்தவர் காளை. கதவுக்கு வைத்தார், பலகைக்கு வைத்தார், பேனலுக்கு வைத்தார். கடைசியில் அந்தக் கண்ணாடி வில்லையைப் பார்த்தார். மிஷினுக்கே கண், அதை விட்டால் குற்றமாகிவிடும் என்று தோன்றியது. மோதிர விரலால் சந்தனத்தைக் குழைத்துப் பக்தியோடு அதன்மேல் ஒரு பொட்டு வைத்தார். நாளைக்குத் தன் வீட்டு மாப்பிள்ளை ஆகப்போகிறவன் வேலை பார்க்கிற மிஷின் என்று ஒரு பூவையும் சேர்த்துச் செருகினார்.

நல்ல நேரத்தில் பிரஸ் ஓடவில்லை. சந்தனம் வெளிச்சத்தை மறித்துவிட்டது. யாரோ கையை நீட்டிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்து மிஷின் அசையாமல் நின்றது. அது தன் கடமையைச் செய்தது. வைத்த பொட்டை வைத்தவுடன் அழிப்பது அபசகுனம் என்று காளை துடைக்க மறுத்தார். நேரமோ ஓடுகிறது. மொக்கைச்சாமி பேனலைத் திறந்து, கண்ணிலிருந்து வரும் சேதி சேருகிற இடத்தில் ஒரு துண்டு ஒயரைக் குறுக்கே போட்டார். இனிமேல் கண் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வழியில் கை இல்லை என்றே பேனல் நினைக்கும். பிரஸ் ஓடியது. எல்லோரும் கும்பிட்டார்கள். மொக்கைச்சாமி அன்றைக்கே குலசாமி கும்பிட ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. பேனலுக்குள் ஒயர் கிடக்கிறது, முத்திருளன் தம்பி வந்ததும் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள் என்று காளையிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். காளையும் சரி என்றார்.

அவர் மறக்கவில்லை. அதுதான் இதில் பெரிய துயரம். விடுமுறை முடிந்து மில் திறந்த காலையில் முதல் வேலையாகப் போய், சுத்தமான துணியை நனைத்து, அந்தக் கண்ணைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். ஆயுள் முழுக்க இரும்போடு வாழ்ந்த பிட்டர் அவர். அச்சில் கல் மாட்டினால் கல்லை எடுத்தால் போதும், சக்கரம் ஓடும். சந்தனத்தால் வந்த வினை சந்தனத்தோடு போயிற்று, அதற்காகப் போட்ட ஒயரும் அதோடு தீர்ந்தது என்றே அவர் மனசு கணக்குப் போட்டது. "கண்ணைத் தொடச்சுட்டேன் தம்பி, எல்லாம் சரியா இருக்கு" என்று முத்திருளனிடம் சொன்னார். ஒயரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

முத்திருளன் குச்சியை நீட்டிப் பார்த்திருந்தால் அந்த நிமிஷமே தெரிந்திருக்கும். அன்றைக்கு அவன் கையில் குச்சி இல்லை, ஜிலேபிப் பொட்டலம் இருந்தது. மச்சினனுக்கு நிச்சயம் ஆன சந்தோஷத்தில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளையைச் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். வில்லை பளபளக்கிறது, விளக்கு எரிகிறது, போர்மேனே துடைத்திருக்கிறார். சிரித்துக்கொண்டே பிரஸ்ஸைத் தட்டிவிட்டான்.

பெட்டி விளிம்பில் ஒரு பஞ்சுக் கற்றை தொங்கியது. எத்தனையோ தடவை செய்ததைப் போலச் சின்னக்கருப்பன் அதை உள்ளே தள்ளக் கையை நீட்டினான். கை போனால் பலகை நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். அந்தக் கண்ணாக நின்று விளையாடியவனே அவன்தானே. அஜாக்கிரதையாக இருந்தான் என்று பிற்பாடு சிலர் சொன்னார்கள். அவன் அஜாக்கிரதையாக இல்லை. நம்பினான்.

பலகை நிற்கவில்லை.

பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஜெயக்கொடி மயங்கி விழுந்ததையும், நிச்சயத்தன்று சின்னக்கருப்பன் விரலில் போட்ட மோதிரத்தை நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்ததையும் இங்கே விரித்துச் சொல்ல மனசு வரவில்லை. மில்லில் விசாரணை நடந்தது. காளை நடந்ததைச் சொன்னார். ஊரிலிருந்து திரும்பிய மொக்கைச்சாமி அழுதுகொண்டே சொன்னார். முத்திருளனும் குச்சியை நீட்டவில்லை என்று சொன்னான். யாரும் எதையும் மறைக்கவில்லை. அவரவர் பகுதியில் அவரவர் செய்த வேலையில் குறை இல்லை என்று முடிவு சொன்னார்கள். குறை மூன்று பகுதிக்கும் நடுவில் இருந்தது. அந்த நடு இடத்துக்கென்று சம்பளம் வாங்கியவன் முத்திருளன் ஒருவன்தான் என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

மச்சினன் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். மறுபடியும் மூன்று கூட்டமும் மூன்று மரத்தடிக்குப் போய்விட்டன.

தம்ளர் விழுந்து அடங்கிய அமைதியில் காளை தொண்டையைச் செருமினார். குனிந்து மஞ்சள் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். ஜெயக்கொடியின் முகம் வெளிறிப்போனது. முத்திருளன் இரண்டு கையாலும் பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

பையிலிருந்து வெளியே வந்தது தாம்பூலம் மட்டுமல்ல. அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. கூறைச்சேலை. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டியது. தானே எடுத்துவிட்டதாகச் சொன்னார் காளை. பிறக்கிற தையில் முதல் முகூர்த்தத்திலேயே வைத்துக்கொள்ளலாம், செலவு அம்புட்டும் தன்னுடையது, பையன் ஒரு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றால் போதும் என்றார்.

ஜெயக்கொடி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு விசும்பினாள். வீட்டுக்குள் வெளிச்சம் வந்ததுபோல இருந்தது முத்திருளனுக்கு. எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம்போலத் தோன்றியது. அவன் வாயைத் திறப்பதற்குள் உள் அறைத் திரை விலகியது.

சின்னக்கருப்பன் நின்றான். முழுக்கைச் சட்டையின் வலது கை நுனி காலியாகத் தொங்கியது. கன்னம் ஒட்டிப்போய், மழிக்காத முகத்தில் கண்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. காளை பதறி எழுந்தார்.

"உக்காருங்க மாமா" என்றான். "கிளிகிட்டக் கேட்டீகளா?"

"கேக்காம வருவனா? அவ தங்கம்ப்பா." மகளின் குணத்தைச் சொல்லும் பெருமை காளையின் குரலில் இருந்தது. "ரெண்டு நாள் ஒண்ணும் பேசல. அடுப்படியிலயே உக்காந்திருந்தா. அப்புறம் எங்கிட்ட வந்து, நீங்க செஞ்ச பாவத்துக்கு நான் கழுத்தை நீட்டுறேன்ப்பா, நீங்க அழுகாதீகன்னு சொன்னா. எந்தப் பொண்ணு சொல்லும்?"

அந்த வார்த்தை அறையின் நடுவில் விழுந்தது. சொன்னவருக்கு அது தெரியவில்லை. முத்திருளனுக்குத் தெரிந்தது.

சின்னக்கருப்பன் கொஞ்ச நேரம் அந்த அரக்குச் சேலையையே பார்த்தான். நிச்சயத்தன்று எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டு வந்தவள், தனக்குக் கொடுக்கும்போது மட்டும் தம்ளரை விடாமல் ஒரு கணம் பிடித்துக்கொண்டு சிரித்தாளே, அந்தச் சிரிப்பைத் தேடுகிறவனைப் போலப் பார்த்தான்.

"பாவத்தைத் தீர்க்க நான் என்ன கோயில் உண்டியலா மாமா" என்றான் மெதுவாக. "கொண்டாந்து போட்டுட்டுக் கும்பிட்டுட்டுப் போறதுக்கு."

முத்திருளன் குறுக்கே விழுந்தான். அவனுக்கு அது பழக்கமாகிவிட்ட வேலை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துவைக்கும் வேலை. நல்ல பெண் என்றான். இன்றைக்கு இரக்கமாக வந்தாலும் நாளைக்கு ஆசையாக மாறிவிடும் என்றான். ஒரு பிள்ளை பிறந்தால் எல்லாம் மறந்துபோகும் என்றான். சொல்லச் சொல்லக் குரல் கெஞ்சலாக மாறியது. கடைசியில், "எனக்காக ஒத்துக்க மாப்ள" என்று சொல்லிவிட்டான்.

"உங்களுக்காகத்தான் கேக்குறீக மச்சான். எனக்குத் தெரியுது" என்றான் சின்னக்கருப்பன்.

அதில் கோபமே இல்லை. அதுதான் முத்திருளனை அறுத்தது. அவன் தலை தானாகக் குனிந்தது.

சின்னக்கருப்பன் காளையின் பக்கம் திரும்பினான். "என்னைய எப்பப் பாத்தாலும் அவளுக்கு உங்க தப்புத்தான் தெரியும் மாமா. என் மூஞ்சி தெரியாது. சோறு போடும்போது அந்தத் தப்புத் தெரியும், பிள்ளையத் தூக்கிக் குடுக்கும்போது தெரியும். கையில்லாம இருந்துருவேன். அவ அப்பிடிப் பாக்குறதைப் பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

"நான் போயி அவகிட்ட..." என்று ஆரம்பித்தார் காளை.

"ஒண்ணும் சொல்ல வேணாம். என்னையப் பிடிச்சுக் கட்டிக்க வந்தவ அவ. அவளைத் தண்டனைக்கு வந்தவளா ஆக்கிப்புட்டீக. அதை மட்டும் திருப்பிச் சரி பண்ணுங்க. நல்ல எடத்துல குடுங்க."

காளை உடைந்துபோனார். அறுபதை நெருங்கும் மனிதர், மில்லில் இரும்பைத் தட்டி மிரட்டியவர், துண்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதார். சின்னக்கருப்பன் பக்கத்தில் வந்து நின்று, அவர் அழுது முடிக்கும் வரை இடது கையை அவர் தோளில் வைத்திருந்தான். அவன் பல்லைக் கடித்திருப்பதை முத்திருளன் மட்டும் பார்த்தான். அந்தப் பெண்ணை அவன் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தான் என்பது அப்போதுதான் முத்திருளனுக்குப் புரிந்தது.

ஜெயக்கொடி சேலையை மடித்துப் பையில் வைத்தாள். மடிப்புக் கலையாமல், கரை மேலே தெரியும்படி, ஒரு கல்யாணப் பெண்ணுக்கு எடுத்து வைப்பதைப் போலவே வைத்தாள். வெற்றிலையையும் பழத்தையும் மேலே அடுக்கினாள். நிச்சயத்தன்று அவர்கள் தட்டில் வைத்துக் கொடுத்திருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழ் அலமாரியில் இருந்தது. அதையும் எடுத்து வந்து ஓரத்தில் செருகினாள். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. தாம்பூலம் திரும்பிப் போயிற்று.

காளை பையை வாங்கிக்கொண்டார். காப்பி போடுகிறேன் என்று ஜெயக்கொடி சொன்னாள். வேண்டாம் தாயி, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார். வாசற்படியில் நின்று, திரும்பாமலே, "வாரேன் தம்பி" என்றார். மில்லுக்கு வாரேன் என்றாரா, இன்னொரு நாள் வீட்டுக்கு வாரேன் என்றாரா, வெறும் வழக்கத்துக்குச் சொன்னாரா என்று தெரியவில்லை. முத்திருளன் படியிறங்கிப் பாதித் தெரு வரை கூடப் போனான். முக்குத் திரும்பும் இடத்தில் காளை கையை லேசாக உயர்த்தி, போதும் என்பதுபோல அசைத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னக்கருப்பன் உள்ளே போயிருந்தான். பொங்கலுக்கு முன்னால் எழுமலைக்குப் போய்விடப் போவதாக அக்காவிடம் சொன்னானாம். விருமாண்டி மாமாவின் காட்டில் ஒரு கையால் செய்கிற வேலை எதுவும் இருக்காதா என்று கேட்டானாம். அதைச் சொல்லும்போது ஜெயக்கொடி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, வந்தவர் யார் என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆவலில் வாசலுக்கு நேரே வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"கதவைச் சாத்துங்க" என்றாள் ஜெயக்கொடி.

முத்திருளன் போய்க் கதவைச் சாத்தினான்.